ஐப்பசி வளவு

நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க்கில் இலையுதிர்காலம் மிகக் குறுகியது. ஆவணி நடுப்பகுதியில் பேர்ச் மரங்களின் இலைகள் மஞ்சளாகத் தொடங்கும். புரட்டாதி முடிவதற்குள் அவை உதிர்ந்துவிடும். ஐப்பசியில் விழும் பனி தரையில் தங்கிவிடும். நவம்பர் 21ஆந் திகதியளவில் ஹம்மர்பெஸ்டில் சூரியன் கடைசியாகத் தலைகாட்டிவிட்டு மறையும். மீண்டும் தை மாதத்தில்தான் வரும். இந்தப் பூமியில் கமம் செய்து ஒரு குடும்பம் பிழைத்திருக்கலாம் என்று எங்கள் ஊர்க் கமக்காரர் எவரிடமாவது சொன்னால் சிரித்துவிட்டுப் போவார். ஆனாலும் பிழைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று மாடுகள், பத்துப் பதினைந்து ஆடுகள், ஒரு சிறு தோணி, கடற்கரையிலிருந்து மலையடிவாரம் வரை நீளும் ஒரு துண்டுப் புற்காணி. இவ்வளவுதான் ஒரு வளவு. அந்த வளவுகளின் கதையை, அதிலும் அவற்றின் ஐப்பசி மாதத்தின் கதையை, இங்கு எழுத விரும்புகிறோம்.

எங்களிற் பலர் 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் அந்தக் கரையோர மீன்கிராமங்களில் வாழ்ந்தவர்கள். அதிகாலையில் எழும்பி, மீன் தொழிற்சாலைகளில் வெள்ளை அங்கியும் இறப்பர்ச் சப்பாத்தும் அணிந்து, கொட் மீனின் முள்ளெடுத்தவர்கள். அந்தக் கிராமங்களைப் பற்றி நாங்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் குளிர் இருந்தது, இருட்டு இருந்தது, மணித்தியாலக் கூலியும் ஓவர்டைமும் இருந்தன. தொழிற்சாலைக்குப் போகிற வழியில், புல் மூடிப்போய்க் கிடந்த கற்சுவர் அடித்தளங்கள் மட்டும் அந்தக் கடிதங்களில் வரவில்லை. ஒரு காலத்தில் அவை வீடுகளாகவும் மாட்டுக்கொட்டில்களாகவும் நிலவறைகளாகவும் இருந்தன.

அந்த வளவில் இலையுதிர்காலம் எப்படிக் கழிந்தது?

கோடைகாலத்துக்கு ஓய்வில்லை. இரவும் பகலும் வெளிச்சமாயிருக்கும் சில வாரங்களுக்குள் புல் வெட்டவேண்டும். கம்புகளை நட்டு, கம்பி கட்டி, வேலிபோல அமைத்து, அதிலே புல்லைத் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். மழை பெய்தாலும் புல் அழுகாமலிருக்க இது ஒரு வழி. மரமே இல்லாத கரைகளில் எரிப்பதற்கு விறகு கிடையாது. அங்கே சதுப்புநிலத்து மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி, அடுக்கிக் காயவைத்து எரித்தார்கள். 'தோர்வ்' என்பது அதன் பெயர். கோடையில் வெட்டிய கட்டிகள் இலையுதிர்காலத்தில்தான் வீடு வந்து சேரும். மலைமேல் அலைந்து திரிந்த ஆடுகளையும் அயலவர்கள் சேர்ந்து சாய்த்துக்கொண்டு வருவார்கள். காதிலே இட்ட குறியைப் பார்த்து அவரவர் ஆட்டைப் பிரித்தெடுப்பார்கள். குளிர்காலம் முழுக்கத் தீனி போட முடியாத ஆடுகளை வெட்டி, இறைச்சியை உப்பிலே போடுவார்கள். இரத்தமும் குடலும் தலையும் வீணாவதில்லை. ஃபியோர்ட்டுகளின் உட்புறத்தில், காற்றுக்கு ஒதுக்கான இடங்களில், உருளைக்கிழங்கு விளைந்தது. அதைக் கிண்டியெடுத்து நிலத்துக்குள் வெட்டிய அறையில் உறையாமற் பாதுகாத்தார்கள்.

பெண்களும் சிறுவர்களும் சதுப்பு நிலங்களில் ஆவணியில் 'முல்த' பழமும், புரட்டாதியில் 'தித்தபார்' என்னும் சிவப்புச் சிறுபழமும் ஆய்ந்தார்கள். இந்தச் சிவப்புப் பழத்துக்குச் சீனிகூட வேண்டாம். அதில் இயல்பாகவே உள்ள பென்சோயிக் அமிலம் அதைக் கெடவிடாது. வெறும் தண்ணீரிற் போட்டு வைத்தாலே மாதக்கணக்கில் இருக்கும். சீனி வாங்கக் காசில்லாத வீட்டுக்கு இது சிறிய விடயமல்ல.

பிறகு மாடுகள் கொட்டிலுக்குள் போகும். அடுத்த ஆனி மாதம்வரை அவை வெளியே வருவது அரிது. வெட்டிச் சேர்த்த புல் அவ்வளவு காலத்துக்குக் காணாது. ஆகவே மீன் தலைகளையும் கடற்பாசியையும் பெரிய கிடாரத்தில் அவித்து மாட்டுக்குக் கொடுத்தார்கள். கடலும் கரையும் ஒரே பொருளாதாரமாக இருந்ததற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஆண் பிடித்த மீனின் சதை வியாபாரியிடம் போனது. தலை மாட்டிடம் போனது. மாட்டின் பால் பிள்ளையிடம் போனது.

இதிலே கமக்காரர் யார்? ஆண்கள் மாதக்கணக்காகக் கடலில் நின்றார்கள். புல் வெட்டியதும், பால் கறந்ததும், கிடாரத்தின் கீழே நெருப்பு மூட்டியதும், ஆட்டுக்கு நாள் குறித்ததும் பெண்கள். ஆனால் 1900, 1910 ஆண்டுகளின் குடிசனக் கணக்கெடுப்பு ஏடுகளைப் பார்த்தால், ஆணின் பெயருக்கு நேரே 'மீனவர், கமக்காரர்' என்றிருக்கும். மனைவியின் பெயருக்கு நேரே 'வீட்டுவேலை' என்றிருக்கும். இரண்டு உலகங்களும் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஏடு எழுதுகிறவர்களின் கை ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

அந்த வளவுகளில் பிறந்து வளர்ந்த முதிய பெண்கள் சிலருடன் நாங்கள் தொழிற்சாலை மேசையில் பக்கத்திற் பக்கத்தில் நின்றிருக்கிறோம். பிள்ளைக்காலத்து ஐப்பசியைப் பற்றி அவர்கள் சொல்லும்போது அடிக்கடி வந்த சொல் 'அமைதி' என்பதுதான். வேலை குறைவாயிருந்ததால் வந்த அமைதியல்ல அது. நிலவறை நிறைந்திருந்ததால் வந்த அமைதி. புல் பரணில் இருக்கிறது, இறைச்சி பீப்பாவில் இருக்கிறது, பழம் சாடியில் இருக்கிறது, எரிமண் சுவரோடு அடுக்கியிருக்கிறது. இனி என்ன வந்தாலும் சித்திரை வரை தாங்கலாம். அதற்குப் பிறகுதான் கம்பளி நூற்கவும் வலை பின்னவும் கதை சொல்லவும் நேரம் வரும்.

எங்களுக்கு இது விளங்காத விடயமல்ல. கொம்பறை நிறைய நெல்லிருந்த வீட்டின் பேச்சுச் சத்தமே வேறுதான். புரட்டாதி ஐப்பசியில் பனங்கொட்டைகளைப் பாத்தியிலே அடுக்கி மண் மூடிவிட்டு, தை மாதத்துக் கிழங்குக்காகக் காத்திருக்கும் வீட்டிலும் இதே அமைதிதான் இருந்தது. ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும் பஞ்சத்துக்கு எதிரான காப்புறுதிகள். வித்தியாசம் ஒன்றுதான். அவர்களுக்கு ஐப்பசி கதவை மூடுகிற மாதம். எங்களுக்கு ஐப்பசி மழையை எதிர்பார்த்து வயலைத் திறக்கிற மாதம்.

இந்த வளவுகள் யாருடையவை என்பது அடுத்த கேள்வி.

பின்மார்க்கில் முதலில் வாழ்ந்தவர்கள் சாமி இனத்தவர். மான்கூட்டத்தோடு திரிபவர்கள் என்றே அவர்களை உலகம் அறிந்திருக்கிறது. உண்மையில் அவர்களிற் பெரும்பான்மையோர் கடலோரத்தில் மீன்பிடியும் சிறு கால்நடையுமாக வாழ்ந்தவர்கள். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பஞ்சத்துக்கும் போருக்கும் தப்பி, இன்றைய வட சுவீடன், பின்லாந்துப் பகுதிகளிலிருந்து பின்னிஷ் மொழி பேசும் மக்கள் வந்தார்கள். 'குவேன்' என்று அவர்களை அழைத்தார்கள். புல்வெளி திருத்துவதிலும் இரும்பு வேலையிலும் வல்லவர்கள். தெற்கிலிருந்து நோர்வேஜியர்களும் வந்தார்கள். ஒரே ஃபியோர்ட்டில் மூன்று மொழிகள் பேசப்பட்டன. சந்தையில் நின்றவன் மூன்றிலும் விலை பேசினான்.

1775இல் வந்த அரச தீர்மானம் ஒன்று பின்மார்க்கில் காணிகளைத் தனியாருக்கு அளந்து கொடுக்க வழிசெய்தது. அதுவரை அனுபவித்து வந்த நிலம், இனிமேல் எழுதிப் பெறவேண்டிய நிலமாயிற்று. அடுத்த நூற்றாண்டில் தேசியவாதம் வந்தது. ரஷ்ய எல்லையை ஒட்டிய பகுதியில் வேற்று மொழி பேசுகிறவர்கள் வாழ்வது ஆபத்தென்று ஒஸ்லோவில் நினைத்தார்கள். 1880இல் வந்த அறிவுறுத்தல் ஒன்றோடு, பள்ளிகளில் சாமி மொழியும் பின்னிஷ் மொழியும் மிகக் கடுமையாக ஒதுக்கப்பட்டன. 1902இல் காணி விற்பனைச் சட்டம் வந்தது. அதன்படியும் அதன் ஒழுங்குவிதிகளின்படியும் பின்மார்க்கில் அரச காணியை வாங்குபவர் நோர்வே குடிமகனாயிருக்கவேண்டும். நோர்வேஜிய மொழியைப் பேசவும் வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்கவேண்டும். அதை அன்றாடம் பாவிப்பவராகவும் இருக்கவேண்டும். காணிக்கும் நோர்வேஜியப் பெயர் வைக்கவேண்டும்.

இந்தச் சட்டம் எல்லா இடத்திலும் ஒரே கண்டிப்போடு நடைமுறைப்படுத்தப்பட்டதென்று சொல்லமுடியாது. ஆனால் அது சட்டப் புத்தகத்தில் 1965 வரை இருந்தது. 1956இல் எங்கள் நாட்டில் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, அதற்குப் பின்னரும் ஒன்பது ஆண்டுகளாக, ஐரோப்பாவின் மிக நாகரிகமான சனநாயகங்களில் ஒன்றில் ஒரு மனிதன் தன் ஆட்டுக்குப் புல் வெட்டும் காணியை வாங்குவதற்கு மொழித் தகைமை காட்டவேண்டியிருந்தது. நோர்வேயைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. எங்களுக்கு அடைக்கலம் தந்த நாடு இது. பெரும்பான்மை என்பது எந்த ஊரிலும் ஒரே ஆயுதத்தையே முதலில் எடுக்கிறது என்பதற்காகவே சொல்கிறோம். அந்த ஆயுதம் மொழி. அதற்கு அடுத்தது காணி.

இந்த வரலாறு நோர்வேஜியர்களின் வாயாலேயே பின்னர் பேசப்பட்டது. 1979 முதல் 1981 வரை அல்தா ஆற்றில் அணை கட்டுவதற்கு எதிராக நடந்த போராட்டம் நாட்டை உலுப்பியது. 1989இல் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் பின்மார்க் சட்டம், அரசு தன்னுடையதென்று வைத்திருந்த மாகாணத்தின் மிகப் பெரும்பகுதி நிலத்தைப் பின்மார்க் மக்களின் பொது நிர்வாகத்துக்கு மாற்றியது. 2023இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. 2024 நவம்பரில் நோர்வே நாடாளுமன்றம் சாமி, குவேன் மக்களிடமும், காட்டுப் பின்னியர்களிடமும் மன்னிப்புக் கேட்டது. 1902க்கும் 2024க்கும் இடையில் 122 ஆண்டுகள்.

இனி 1944ஆம் ஆண்டின் ஐப்பசிக்கு வருவோம்.

நோர்வே 1940 முதல் ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் இருந்தது. 1944 ஒக்டோபர் 7ஆந் திகதி வடகிழக்கில் சோவியத் படைகள் தாக்குதலைத் தொடங்கின. 25ஆந் திகதி கிர்கெனெஸ் நகரம் விடுபட்டது. அந்த நாட்களில் அந்நகரத்துக்கு அருகிலுள்ள பியோர்னெவாத்ன் இரும்புச் சுரங்கத்தின் குகைக்குள் ஏறத்தாழ 3,500 பேர் ஒளிந்திருந்தனர். மாடுகளையும் கூடவே கொண்டுபோயிருந்தார்கள். அங்கே பத்துக் குழந்தைகள் பிறந்தன.

பின்வாங்கிய ஜேர்மன் படை மேற்கு நோக்கி நகர்ந்தது. தங்களுக்குப் பின்னால் வருகிற எதிரிக்குக் கூரையோ உணவோ மனிதக் கையோ கிடைக்கக்கூடாது என்று அவர்கள் தீர்மானித்தனர். மக்களைத் தாமாகவே கிளம்பும்படி முதலில் சொன்னார்கள். மிகச் சிலரே கிளம்பினர். ஒக்டோபர் 28ஆந் திகதி ஹிட்லரின் கட்டளை வந்தது. எல்லோரையும் பலவந்தமாக வெளியேற்றவேண்டும், எல்லாவற்றையும் எரிக்கவேண்டும், இரக்கம் காட்டக்கூடாது என்பது அதன் சாரம். டென்மார்க்கைவிடப் பெரிய ஒரு நிலப்பரப்பு, லிங்கன் ஃபியோர்ட் வரை, தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 11,000 வீடுகள், 4,700 மாட்டுக்கொட்டில்கள், நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள், 27 தேவாலயங்கள் அழிந்தன. ஏறத்தாழ 50,000 பேர் தெற்கே கொண்டுபோகப்பட்டனர். கிழக்கில் விடுபட்ட பகுதியில் இருந்தவர்களும் மலைக்கும் குகைக்கும் ஓடியவர்களுமாக ஏறத்தாழ 25,000 பேர் எஞ்சினர்.

இந்த எண்களை ஒரு வளவுக்குள் வைத்துப் பார்க்கவேண்டும். ஐப்பசி கடைசி என்றால் நிலவறை நிறைந்திருக்கும் நேரம். வருடத்தின் முழு உழைப்பும் அந்தச் சிறு கட்டிடங்களுக்குள் இருக்கும் நேரம். படையினர் சில மணித்தியாலத் தவணையே கொடுத்தனர். என்னத்தை எடுப்பது? தோணியிலோ வள்ளத்திலோ ஏற்றக்கூடியது கொஞ்சம். தையல் மெசினையும் கோப்பைகளையும் நிலத்திலே புதைத்தார்கள். மாட்டைத் தாங்களே வெட்டினார்கள், அல்லது படையினர் சுட்டார்கள், அல்லது அவிழ்த்துவிட்டுப் போனார்கள். கறக்கப்படாத மாட்டின் கதறலைப் பற்றி அந்தத் தலைமுறைப் பெண்கள் சாகும்வரை கதைத்தார்கள். வீடு எரிந்ததைச் சொல்லும்போது அழாதவர்கள்கூட மாட்டைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்திவிடுவார்கள்.

மலைக்கு ஓடியவர்கள் புல்மண் குடிசைகளிலும் குகைகளிலும் கவிழ்த்த தோணிகளின் கீழும் அந்த இருண்ட குளிர்காலத்தைக் கழித்தார்கள். பகலில் புகை தெரியக்கூடாதென்று இரவில் மட்டும் நெருப்பு மூட்டினார்கள். சோரோயா தீவில் இப்படி ஒளிந்திருந்தவர்களில் ஏறத்தாழ 500 பேரை 1945 மாசி மாதத்தில் நேசநாட்டு நாசகாரிக் கப்பல்கள் ஏற்றிச் சென்றன. அவர்கள் சோவியத் துறைமுகம் வழியாக ஸ்கொட்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். ஹம்மர்பெஸ்ட் நகரத்தில் எரியாமல் எஞ்சியது இடுகாட்டுச் சிற்றாலயம் ஒன்று மட்டுமே.

1945 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் திரும்பிப் போக அனுமதி கிடைக்கவில்லை. வீடில்லை, பாதையில்லை, கண்ணிவெடி இருக்கிறது, திட்டமிட்டுக் கட்டியபின் போகலாம் என்று அரசு சொன்னது. சொன்ன காரணங்களில் பொய்யில்லை. என்றாலும் மக்கள் அந்தக் கோடையிலேயே திரும்பினர். கிடைத்த வள்ளத்தில் ஏறி வந்து, எரிந்த பலகைகளைக் கொண்டும் கைவிடப்பட்ட இராணுவப் பொருட்களைக் கொண்டும் குடில் கட்டினார்கள். ஹொன்னிங்ஸ்வோகில் தேவாலயம் மட்டும் நின்றது. திரும்பி வந்தவர்கள் அதற்குள்ளேயே படுத்து, அதற்குள்ளேயே சமைத்து, பாணும் சுட்டார்கள். சிதறிய சிறு வளவுகளைக் கைவிட்டு மக்களைச் சில பெரிய இடங்களிற் குடியேற்றலாம் என்று திட்டமிடுவோர் நினைத்தனர். மக்கள் தங்கள் பழைய அடித்தளக் கற்களைத் தேடிப் போய் அதற்கருகிலே நின்றனர். கடைசியில் அரசு அவர்களுக்கு வழிவிட்டது. 1946இல் தொடங்கிய அரச வீடமைப்பு வங்கி கடன் கொடுத்தது. ஒரே மாதிரியான சிறிய, சாய்ந்த கூரையுடைய பலகை வீடுகள் வரிசையாக எழுந்தன. எங்களிற் பலர் பின்மார்க்கில் முதன்முதலில் வாடகைக்கிருந்தவை அந்த வீடுகள்தான்.

புதிய வீடுகளிலும் புதிய கொட்டில்களிலும் வளவு வாழ்க்கை மீண்டும் தொடங்கியது. ஆனால் எரிக்க முடியாததைச் சந்தை மெல்லமெல்லக் கரைத்தது. 1950களில் வடபகுதியை முன்னேற்றும் அரச திட்டத்தோடு உறைமீன் ஆலைகள் வந்தன. கொட்டிலில் நின்ற பெண் ஆலையின் மேசைக்கு வந்தாள். முதன்முறையாக அவளுடைய உழைப்புக்கு அவள் பெயரில் காசு கிடைத்தது. அதை நாம் இழப்பென்று மட்டும் சொல்லமாட்டோம். இரண்டு மாடு வைத்திருப்பது இனிக் கட்டுப்படியாகவில்லை. பால் லொறி சிறு வளவின் வாசலுக்கு வருவதை நிறுத்தியது. நோர்வே முழுவதிலும் 1949இல் இரண்டு இலட்சத்துக்கு மேலாக இருந்த கமங்கள் இன்று 40,000க்குக் குறைந்துவிட்டன. பின்னர் அந்தப் பெண்களின் பிள்ளைகள் ஆலையையும் விட்டு, படிப்புக்கும் நகரத்துக்கும் போனார்கள். மேசையில் வெற்றிடம் விழுந்தது. அந்த வெற்றிடத்துக்குத்தான் நாங்கள் வந்தோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பின்மார்க்குக்கு எங்களைக் கொண்டுவந்தது யுத்தம் என்று சொல்கிறோம். அது பாதி உண்மை. மறுபாதி, ஒரு சிறு வளவுப் பொருளாதாரம் செத்துப்போனதால் திறந்த கதவு. நாங்கள் நின்ற மேசை, அதற்கு முன்னர் ஒரு கமக்காரி தன் மாட்டை விற்றுவிட்டு வந்து நின்ற மேசை. பிறகு எங்களிலும் பலர் பிள்ளைகளின் படிப்புக்காக ஒஸ்லோவுக்குப் போனோம். அவர்கள் சென்ற அதே வழி.

இப்போது எங்கள் ஐப்பசிகளைப் பற்றிப் பேசவேண்டும்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் எழுந்தது. இராணுவம் முன்னேறிக்கொண்டிருந்தபோது, எல்லோரும் வெளியேறும்படி புலிகளின் ஒலிபெருக்கிகள் அறிவித்தன. நான்கைந்து இலட்சம் சனம் மழைக்குள்ளே, நாவற்குழிப் பக்கமாக, ஓரிரவில் அடியெடுத்து வைக்க இடமில்லாமல் நகர்ந்தது. அதைப் பற்றி எங்களிடம் கவிதையிருக்கிறது, கதையிருக்கிறது, பாட்டிருக்கிறது. புலம்பெயர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் தொலைபேசிக்கு முன்னால் காத்திருந்த அந்த நாட்களின் நினைவிருக்கிறது.

அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன்னர், 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி, அதே யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். இரண்டு மணித்தியாலம் தவணை. அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். மன்னாரில் தென்னந்தோப்பும் வயலும் விட்டுப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் கடையும் பட்டறையும் தையல் மெசினும் விட்டுப் போனார்கள். அவர்களிற் பலர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தார்கள். இந்த ஐப்பசியைப் பற்றி எங்களிடம் இருக்கும் கவிதைகள் குறைவு.

ஒரே திகதி, ஒரே ஊர், ஒரே மழைக்காலம். 1995இன் ஒக்டோபர் 30ஐ எழுதுகிற எவரும் 1990இன் ஒக்டோபர் 30ஐத் தாண்டி எழுத முடியாது. பின்மார்க்கின் வரலாற்றில் 1944ஐ நினைவுகூர்ந்த நோர்வே, 1902ஐ நினைவுகூர மிக நீண்ட காலம் எடுத்தது. தனக்கு நடந்ததைச் சொல்லச் சமூகங்களுக்கு நாக்கு உடனே புரளும். தன் பெயரால் நடந்ததைச் சொல்ல நூறு வருடமும் ஆகலாம். எங்களுக்கு அவ்வளவு அவகாசம் இருக்கிறதா என்பது வேறு விடயம். சாட்சிகள் முதியவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. நாங்கள் 'வளவு' என்று சொல்லும்போது கண்ணுக்கு முன்னால் வருவது என்ன? நாற்சார் வீடு, கிணற்றடி, துலா, பின்வளவில் பனைவடலி, மாமரம், கிடுகு வேலி. இந்தப் படத்துக்குள் துலா மிதித்தவர் யார், பனையேறியவர் யார், வேலியடைத்தவர் யார்? அவர்களின் வீடு எந்த நிலத்தில் இருந்தது? 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் காணிக்கும் சீதனத்துக்கும் விதிகள் இருப்பதுபோல அடிமைகளுக்கும் விதிகள் இருந்தன. சட்டத்தில் அடிமைமுறை 1844இல் ஒழிந்தது. பிறகும் எத்தனையோ குடும்பங்கள் பிறருடைய காணியின் மூலையில், எழும்பு என்றால் எழும்பவேண்டிய நிலையில் குடியிருந்தன. அவர்களுக்கு 1995இல் இழக்க வளவு இருக்கவில்லை. ஆனாலும் அவர்களும்தான் அந்த மழையில் நடந்தார்கள். கணக்கெடுப்பு ஏட்டில் 'வீட்டுவேலை' என்று எழுதப்பட்ட பின்மார்க் பெண்போல, எங்கள் நினைவின் ஏட்டிலும் வளவை ஆக்கியவர்களின் பெயர்கள் விடுபட்டிருக்கின்றன.

நோர்வேயில் ஒரு பழைய வழமை உண்டு. திருத்தப்படாத வெளிநிலத்தில் எவரும் நடக்கலாம், இரவு தங்கலாம், காட்டுப் பழம் ஆயலாம். காணி யாருடையதாயிருந்தாலும் சரி. 1957இல் அது சட்டமாக எழுதப்பட்டது. வடக்கே மட்டும் முல்தப் பழம் விளையும் இடத்தில் காணிக்காரர் பிறர் ஆய்வதைத் தடுக்கலாம். அங்கும் நின்ற இடத்தில் ஆய்ந்து சாப்பிடுவதைத் தடுக்க முடியாது. ஒரு துண்டுக் காணியும் இல்லாத அகதிக்கு இந்தச் சட்டம் பெரிய ஆறுதல். புரட்டாதி மாதத்தில் எங்கள் பெண்கள் வாளிகளோடு மலைச்சரிவுக்குப் போய்ச் சிவப்புப் பழம் ஆய்ந்து, மிளகாயும் உப்பும் போட்டுச் சட்னி அரைத்ததை வேறு எங்கே எழுதிவைப்பது? உரிமை என்பது உறுதிப் பத்திரம் மட்டுமல்ல என்பதை அந்தச் சரிவுகளிற் கற்றோம். அதேவேளை, அந்தச் சரிவுக்கு ஒரு சாமிப் பெயரும் ஒரு குவேன் பெயரும் இருந்தன என்பதையும், வரைபடத்தில் நோர்வேஜியப் பெயர் மட்டும் நெடுநாள் இருந்தது என்பதையும் மெல்லத்தான் அறிந்தோம்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழும்பியவர்களிற் பலர் இருபது வருடம் கடந்தும் தங்கள் வளவைக் காணவில்லை. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீடு இருந்தது; பிறகு வீடு இல்லை; பிறகு எல்லைக்கல்லும் இல்லை. பின்மார்க் மக்களுக்கு ஒரு கோடைக்குள் வாய்த்த பேறு, அதாவது தடையை மீறித் தோணியேறித் தன் அடித்தளக் கல்லின் அருகே போய் நிற்கிற பேறு, அவர்களுக்கு வாய்க்கவில்லை. நாங்களும் இங்கே பிள்ளைகளை வளர்த்து, வீட்டுக் கடன் கட்டி, ஒஸ்லோவின் தொடர்மாடிப் பல்கணியில் கறிவேப்பிலையைக் குளிருக்கு உள்ளே எடுத்து வைக்கிறோம். திரும்பிப் போவோமா என்ற கேள்வியை ஒருவரையொருவர் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டோம்.

ஆனால் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. போருக்குப் பிறகு பின்மார்க் மக்கள் அரசிடம் நட்டஈடு கேட்டு விண்ணப்பித்தபோது, இழந்ததை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. இத்தனை மாடு, இத்தனை ஆடு, இத்தனை வலை, கட்டில், கிடாரம், கரண்டி. காசுக்காக எழுதிய அந்தப் பட்டியல்கள் இன்று வரலாறாகிவிட்டன. எந்த வீட்டில் என்ன இருந்ததென்று வேறெதுவும் அவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை. 1944இன் கதைக்கென்று ஹம்மர்பெஸ்டில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 1998இல்தான். அரை நூற்றாண்டு தாண்டியபின்.

எங்களிடம் நட்டஈடு கேட்கும் படிவம் இல்லை. படிவம் இல்லாமலே எழுதலாம். உங்கள் வீட்டிலிருக்கும் அம்மாவையோ அப்பாவையோ, பெரியம்மாவையோ பெரியப்பாவையோ உட்காரவைத்து, கடைசி ஐப்பசியில் வளவில் என்ன இருந்ததென்று கேட்டு எழுதுங்கள். எத்தனை பனை, எந்தப் பக்கம் கிணறு, மாட்டின் பெயர் என்ன, பாத்தியில் எத்தனை கொட்டை அடுக்கியிருந்தது. வேலியடைக்க வந்தவர் யார், அவர் எங்கே குடியிருந்தார், இப்போது எங்கே இருக்கிறார். தெருவால் துணி விற்க வந்த முஸ்லிம் ஐயா எந்த வருடத்தோடு வராமல்விட்டார். பதில் வராத கேள்விகளையும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டுவையுங்கள். இந்தப் பட்டியலைச் சுருக்கவேண்டாம், அழகுபடுத்தவும் வேண்டாம். காணியை மீட்கிறவர்கள் எப்போதாவது வரக்கூடும். அவர்களுக்கு முதலில் தேவைப்படப் போவது, அது யார்யாருடைய கைகளால் வளவாயிற்று என்ற கணக்குத்தான்.